மூழ்கும் நிலமும் முறையியலும்: அரசியல் கோட்பாட்டில் ஓர் ஆய்வு நல்கை விண்ணப்பம் (நிகழ்வு ஆய்வு)

பின்னணி

பிரிட்டனில் அரசியல் கோட்பாட்டில் முனைவர் பட்டம் பெற்ற ஓர் ஆய்வாளர், 2021 முதல் 2024 வரை முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வு நல்கைக்காக மேற்கொண்ட முயற்சிகளை இங்கே பதிவு செய்கிறேன். ஆய்வாளரின் பெயரோ, அவரை ஏற்றுக்கொண்ட பல்கலைக்கழகத்தின் பெயரோ இதில் இடம்பெறாது. அவர் பட்டம் பெற்ற துறையில் இளம் ஆய்வாளர்களின் விண்ணப்பங்களைப் படித்துக் கருத்துச் சொல்லும் பொறுப்பில் நான் இருந்தேன். அதனால் அவருடைய விண்ணப்பங்களை வரைவு நிலையிலிருந்தே பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தது. அவருடைய ஒப்புதலோடு இதை எழுதுகிறேன்.

இயற்கை அறிவியல் துறைகளில் பெரும்பாலும் ஒரு மூத்த அறிவியலாளரிடம் திட்டமும் நிதியும் ஏற்கெனவே இருக்கும். அதில் பணியாற்றவே முனைவர் பட்டம் முடித்தவரைச் சேர்த்துக்கொள்வார்கள். அரசியல் கோட்பாட்டிலும் மெய்யியலிலும் அப்படிப்பட்ட இடங்கள் குறைவு. விண்ணப்பிப்பவரே ஒரு கேள்வியை உருவாக்கி, அதற்கு ஏன் இரண்டு மூன்று ஆண்டுகள் தேவை என்பதை, தன் துறையைச் சாராத வாசகரும் ஏற்கும்படி சில பக்கங்களில் எழுதிக் காட்ட வேண்டும். நல்ல ஆய்வேடு எழுதியவர்கள் பலர் தடுமாறுவது இந்த இடத்தில்தான் என்பது என் அனுபவம்.

இந்த ஆய்வாளர் தென் ஐரோப்பாவைச் சேர்ந்தவர். ஒரு மக்கள் சமூகம் ஒரு நிலப்பரப்பின் மீது எந்த அடிப்படையில் உரிமை கோரலாம் என்பது அவருடைய ஆய்வேட்டின் பொருள். தேசியப் பண்பாட்டுக்கும் நிலத்துக்கும் உள்ள பிணைப்பிலிருந்து அவ்வுரிமை பிறக்கிறது என்போர் ஒரு சாரார். நீதியான ஆட்சியை நடத்தும் அரசுக்கே அது உரியது என்போர் இன்னொரு சாரார். அங்கே வாழ்ந்து தம் வாழ்க்கையைக் கட்டியமைத்த மனிதர்களின் குடியிருப்பு உரிமையிலிருந்து தொடங்க வேண்டும் என்போர் மூன்றாம் சாரார். மூன்றையும் எடைபோட்டு, மூன்றாம் நிலைப்பாட்டின் திருத்திய வடிவம் ஒன்றை அவர் முன்வைத்திருந்தார். வாய்மொழித் தேர்வு 2021 தொடக்கத்தில் முடிந்தது. செப்டம்பரில் தொடங்கி ஜூனில் முடியும் கற்பித்தல் ஒப்பந்தம் ஒன்று கையில் இருந்தது. கோடை மாதங்களுக்கு ஊதியம் இல்லை.

2021: காரணம் சொல்லாத இரண்டு மறுப்புகள்

முதலில் அவர் அணுகியவை பிரிட்டனுக்குள் உள்ள இரண்டு திட்டங்கள். பிரிட்டிஷ் அகாடமி வழங்கும் நல்கை மூன்று ஆண்டுகளுக்கானது. வாய்மொழித் தேர்வு முடிந்து மூன்று ஆண்டுகளுக்குள் இருப்பவர்களே விண்ணப்பிக்கலாம். பிரிட்டனிலோ ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியிலோ குடியுரிமை உள்ளவர்களும், பிரிட்டனில் பட்டம் பெற்றவர்களும், அந்நாட்டுக் கல்விப்புலத்தோடு வலுவான தொடர்பு உடையவர்களும் தகுதி பெறுவர். சென்னையிலோ மதுரையிலோ பட்டம் முடித்து நேராக அங்கே விண்ணப்பிக்க நினைப்பவர்கள் இந்த நிபந்தனையை முதலில் பார்ப்பது நல்லது. லெவர்ஹியூம் அறக்கட்டளையின் நல்கைக்கு வரம்பு நான்கு ஆண்டுகள். ஊதியத்தில் ஒரு பாதியை அறக்கட்டளையும் மறுபாதியை ஏற்கும் பல்கலைக்கழகமும் தருவது அன்றைய நடைமுறை. தன் பணமும் செலவாகும் என்பதால், பல்கலைக்கழகம் முதலில் தனக்குள்ளேயே ஒரு தேர்வை நடத்தி, சிலரை மட்டுமே மேலே அனுப்பும்.

அகாடமியின் முதற்கட்டச் சுருக்க விண்ணப்பம் அடுத்த கட்டத்துக்குச் செல்லவில்லை. லெவர்ஹியூம் முயற்சி துறையின் உள்தேர்வோடு நின்றது. இரண்டு இடங்களிலிருந்தும் காரணங்கள் எழுத்தில் வரவில்லை. எதைத் திருத்த வேண்டும் என்று தெரியாததால் எல்லாவற்றையும் திருத்தும் ஆவல் எழுந்தது. அந்தக் குளிர்காலத்தில் ஆய்வாளர் தன் திட்டத்தின் தலைப்பைக்கூடப் பலமுறை மாற்றினார்.

2022: முதல் கியூரி விண்ணப்பம்

அடுத்து அவர் ஐரோப்பிய ஆணையத்தின் மேரி ஸ்க்வோடோவ்ஸ்கா-கியூரி நல்கையைத் தேர்ந்தார். எந்த நாட்டுக் குடிமகனும் விண்ணப்பிக்கலாம். அன்றைய விதிப்படி, முனைவர் பட்டத்துக்குப் பின் எட்டு ஆண்டுகளுக்கு மேற்பட்ட ஆய்வு அனுபவம் இருக்கக் கூடாது. இன்னொரு நிபந்தனை இந்த நிகழ்வில் பெரும் பங்கு வகித்தது: விண்ணப்பக் கடைசி நாளுக்கு முந்தைய 36 மாதங்களில், செல்ல விரும்பும் நாட்டில் 12 மாதங்களுக்கு மேல் வசித்தோ முதன்மைப் பணி செய்தோ இருக்கக் கூடாது. இந்தியாவிலிருந்து முதன்முறையாகப் போகிறவர்களுக்கு இது தடையாக இருப்பதில்லை. ஐரோப்பாவுக்குள் ஒப்பந்தம் ஒப்பந்தமாக நகர்ந்துகொண்டிருப்பவர்களை இது எதிர்பாராத நேரத்தில் வெளியே தள்ளிவிடும்.

பெல்ஜியத்தில் உள்ள ஒரு பல்கலைக்கழகத்தின் மெய்யியல் நிறுவனம் அவரை ஏற்க முன்வந்தது. விண்ணப்பத்தின் மையப் பகுதிக்குப் பத்துப் பக்கங்களே இடம். அதில் ஆய்வின் சிறப்புக்கு 50 விழுக்காடும், தாக்கத்துக்கு 30 விழுக்காடும், செயல்படுத்தும் திட்டத்துக்கு 20 விழுக்காடும் எடை தரப்படுகிறது.

முதல் விண்ணப்பத்தின் திட்டம் இது: ஆய்வேட்டை நூலாக்குவது; கடல்மட்ட உயர்வால் நிலத்தை இழக்கும் தீவு நாடுகளைப் பற்றி இரண்டு புதிய இயல்களைச் சேர்ப்பது; கூடவே நான்கு கட்டுரைகள். முறையியல் என்ற தலைப்பின் கீழ், கருத்துப் பகுப்பாய்வையும், அமெரிக்க மெய்யியலாளர் ஜான் ரால்ஸ் முன்வைத்த சிந்தனைச் சமநிலை என்ற அணுகுமுறையையும் (பொதுக் கொள்கைகளையும் தனி நிகழ்வுகள் பற்றிய நம் தீர்ப்புகளையும் ஒன்றுக்கொன்று ஒத்துவரும்வரை திருத்திச் செல்வது) பயன்படுத்தப்போவதாக ஒரு பத்தி இருந்தது. எங்கள் துறைக்குள் அது போதும். அந்தப் பெயர்களைக் கேட்டதும் அரசியல் கோட்பாட்டாளர் எவருக்கும் என்ன நடக்கப்போகிறது என்று ஏறத்தாழப் புரிந்துவிடும்.

மதிப்பீட்டு அறிக்கை காட்டியது

2022ஆம் ஆண்டு அழைப்புக்கு 7,044 விண்ணப்பங்கள் வந்து, 1,235 பேருக்கு நல்கை கிடைத்தது. 2023 பிப்ரவரியில் முடிவு வந்தபோது இவருடைய மதிப்பெண் 80க்கு மேல் இருந்தது. நிதிக்கான எல்லையையோ, நிதி கிட்டாவிட்டாலும் 85ஐத் தொடுபவர்களுக்குத் தரப்படும் தகுதி முத்திரையையோ அது எட்டவில்லை. ஆனால் இத்திட்டத்தில் மறுக்கப்பட்டவர்களுக்கும் எழுத்து வடிவில் மதிப்பீட்டு அறிக்கை உண்டு. முந்தைய இரண்டு மறுப்புகளிலும் கிடைக்காதது அதுதான்.

அறிக்கை திட்டத்தின் காலப் பொருத்தத்தையும் ஆய்வாளரின் வெளியீடுகளையும் பாராட்டியிருந்தது. குறைகளாகச் சொன்னவற்றைச் சுருக்கமாகத் தருகிறேன். முறையியல் பொதுப்படையாக உள்ளது. அறநெறி சார்ந்த வாதத்துக்கும் பன்னாட்டுச் சட்டத்தின் தரவுகளுக்கும் உள்ள உறவு விளக்கப்படவில்லை. ஏற்கும் நிறுவனத்திடமிருந்து ஆய்வாளர் எதைக் கற்பார், அவர்களுக்கு எதைத் தருவார் என்பது குறிப்பாக இல்லை. 24 மாதங்களில் ஒரு நூலும் நான்கு கட்டுரைகளும் நம்பத்தக்க இலக்கல்ல. பாலினக் கோணம் பொருந்தாது என்று ஒரே வரியில் தள்ளியது ஏற்கத்தக்கதல்ல.

ஆய்வாளரின் முதல் எதிர்வினை வருத்தம் கலந்த எதிர்ப்பு. மதிப்பிட்டவர்கள் அரசியல் கோட்பாட்டாளர்கள் அல்லர், புள்ளிவிவர அரசியல் அறிவியல் பார்வையில் எங்கள் துறையை அளக்கிறார்கள் என்றார். அதில் ஓரளவு உண்மை இருக்கலாம். கியூரி திட்டத்தில் சமூக அறிவியலும், வரலாறு, மெய்யியல் போன்ற மானுடப் புலங்களும் ஒரே பெருங்குழுவுக்குள் வருகின்றன. விண்ணப்பதாரர் தேர்ந்தெடுக்கும் துறைச் சொற்களைப் பார்த்தே மதிப்பீட்டாளர்களை ஒதுக்குகிறார்கள். ஒருவர் வரலாற்றாசிரியராகவும் இன்னொருவர் சட்ட அறிஞராகவும் இருக்க முழு வாய்ப்பு உண்டு.

இருந்தாலும், அறிக்கையை இரண்டு நாள் கழித்து மறுபடி படித்தபோது, அந்த வாசகர்கள் கேட்ட கேள்வி நியாயமானது என்றே எனக்குத் தோன்றியது. கருத்துப் பகுப்பாய்வு என்று பெயர் சொல்வதால், எந்தக் கருத்து, எந்தச் சிக்கலில், எந்த நிலைப்பாட்டுக்கு எதிராகப் பகுக்கப்படும் என்பது தெரிவதில்லை. வாதம் தவறினால் அது எந்த இடத்தில் தவறும் என்பதும் தெரிவதில்லை. சோதனைக்கூடம் இல்லாத துறை என்பதால் இதைச் சொல்லும் கடமை நமக்குக் கூடுதலாகவே உண்டு என்பது என் உறுதியான கருத்து.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

*பணி வாய்ப்பை மறுத்தது.* மார்ச் மாதம் அதே பெல்ஜியப் பல்கலைக்கழகம், ஏப்ரலில் தொடங்கும் ஒன்றரை ஆண்டுக் கற்பித்தல் பணியை அவருக்கு வழங்க முன்வந்தது. கோடை ஊதியம் இல்லாதவருக்கு இது பெரிய ஈர்ப்பு. நிறுவனத்தோடு நெருக்கமும் கூடும். காலக் கணக்கு வேறொன்றைச் சொன்னது. ஏப்ரலில் சேர்ந்தால் 2023 செப்டம்பர் 13 என்ற அவ்வாண்டுக் கடைசி நாளில் ஐந்து மாதங்கள்தான் ஆகியிருக்கும், தகுதி பாதிக்காது. அந்த முறையும் மறுக்கப்பட்டால், 2024 செப்டம்பரில் 12 மாத வரம்பு கடந்துவிட்டிருக்கும்; பெல்ஜியத்துக்கான கதவு மூடிவிடும். அகாடமியின் மூன்று ஆண்டு வரம்பும் அதற்குள் முடிந்துவிடும் நிலையில், மிஞ்சியிருப்பது லெவர்ஹியூமும் கியூரியும் மட்டுமே.

ஆய்வாளர் வாய்ப்பை மறுத்து, பிரிட்டனில் இன்னொரு கல்வியாண்டு ஒப்பந்தத்தை ஏற்றார். கோடையில் வாழ்க்கைத் துணையின் ஊதியத்தில் குடும்பம் நடந்தது. அப்படி ஒரு துணை இல்லாதவருக்கு இந்த முடிவை நான் பரிந்துரைத்திருக்க மாட்டேன். பின்னால் விளைந்த நன்மையை வைத்து இம்முடிவைச் சரியானது என்று சொல்வதும் முறையன்று. இரண்டாம் முறையும் மறுப்பு வந்திருந்தால் இழப்பு கடுமையாக இருந்திருக்கும். அன்று தெரிந்த தகவல்களின் அடிப்படையில், இரண்டு வாய்ப்புகளைக் காப்பதற்கு ஒரு கோடையின் வருமானத்தை விட்டுக்கொடுக்கலாம் என்று அவர் கணக்கிட்டார். அந்தக் கணக்கு தெளிவாக இருந்தது.

*நிறுவனத்தை மாற்றாதது.* அன்றைய விதிப்படி, 70 விழுக்காட்டுக்குக் கீழே மதிப்பெண் பெற்ற விண்ணப்பத்தை அதே நிறுவனத்தோடு அடுத்த ஆண்டு மீண்டும் அனுப்ப முடியாது. இவருக்கு அந்தத் தடை இல்லை. ஆகவே அதே நிறுவனத்தை வைத்துக்கொண்டு, அங்குள்ள சட்டப் புலத்திலிருந்து பன்னாட்டுச் சட்டப் பேராசிரியர் ஒருவரைத் துணை நெறியாளராகச் சேர்த்தார். இதைச் செய்த பிறகுதான், ஏன் பெல்ஜியம், ஏன் இந்த நிறுவனம் என்ற கேள்விக்கு உண்மையான விடை கிடைத்தது. 1933ஆம் ஆண்டின் மான்டெவிடியோ உடன்படிக்கை, நிலையான மக்கள்தொகை, வரையறுத்த நிலப்பரப்பு, அரசாங்கம், பிற நாடுகளோடு உறவு கொள்ளும் ஆற்றல் ஆகிய நான்கையும் ஓர் அரசின் அடையாளங்களாக வைக்கிறது. நிலப்பரப்பே இல்லாமல் போனால் மற்ற மூன்றும் என்னவாகும் என்பதைச் சட்டத்தில் தேர்ந்த ஒருவரின் துணையின்றி அரசியல் கோட்பாட்டாளர் எழுத முடியாது.

*முறையியலை அடியோடு மாற்றி எழுதியது.* மே மாதம் முழுவதும் இதற்கே சென்றது. இந்த ஆய்வில் பிறருக்கு அதிகம் பயன்படக்கூடிய பகுதி இதுவே என்பதால் விரிவாகச் சொல்கிறேன்.

நூல், இயல்கள் என்ற அடுக்கு முழுவதையும் ஆய்வாளர் கைவிட்டார். அந்த இடத்தில் ஒரே கேள்வி வந்தது: நிலம் இல்லாமல் போன பின்னும் ஒரு மக்களின் தன்னாட்சி உரிமை தொடருமா, தொடர்ந்தால் அதைக் காக்கும் கடமை யாருடையது? வழக்கமான சூழலில் மூன்று கோட்பாடுகளும் ஏறத்தாழ ஒரே விடையைத் தருகின்றன. மக்களும் நிலமும் பிரியும்போதுதான் அவை ஒன்றோடொன்று முரண்படுகின்றன. ஆகவே அப்படிப் பிரிந்த நிகழ்வுகளைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொரு கோட்பாடும் அங்கே என்ன சொல்லக் கடமைப்பட்டிருக்கிறது என்பதை முதலில் வருவிப்பது என்று திட்டமிட்டார்.

இன்று கிரிபாட்டி என்ற பசிபிக் தீவு நாட்டைச் சேர்ந்த பனாபா தீவின் மக்களுடைய வரலாறு அவற்றில் முதன்மையானது. பாஸ்பேட் சுரங்கத்தால் அவர்களுடைய தீவு சிதைந்தது. 1945இல் பிரிட்டிஷ் நிர்வாகம் அவர்களை பிஜியைச் சேர்ந்த ராபி தீவுக்குக் கொண்டுபோய்க் குடியேற்றியது. இன்று அவர்களில் பெரும்பாலோர் பிஜியில் வாழ்கிறார்கள். கிரிபாட்டி நாடாளுமன்றத்திலும் ராபி சமூகத்துக்கு ஒரு நியமன இடம் இருக்கிறது. ஓர் அரசின் மண்ணில் வாழ்ந்துகொண்டு இன்னோர் அரசின் அவையில் அமரும் இந்த ஏற்பாடு, குடியிருப்பு உரிமைக் கோட்பாட்டுக்குக் கடினமான சோதனை. கிரிபாட்டி அரசு 2014இல் பிஜியின் வனுவா லேவு தீவில் ஏறத்தாழ 20 சதுர கிலோமீட்டர் நிலத்தை வாங்கியது இரண்டாம் நிகழ்வு. அங்கே சொத்துரிமை கிடைத்தது, ஆட்சியுரிமை கிடைக்கவில்லை. இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியை எந்தக் கோட்பாடு நன்றாக விளக்குகிறது என்பதைப் பார்க்கலாம்.

கடைசியாக ஒரு பத்தி சேர்ந்தது. ராபி மக்கள் தம் பழைய தீவின் மீது இன்றும் வைக்கும் கோரிக்கைக்குத் திருத்திய குடியிருப்பு உரிமைக் கோட்பாட்டால் இடமளிக்க முடியவில்லை என்று தெரிந்தால், தன் ஆய்வேட்டின் முடிவையே மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும் என்று அவர் அதில் எழுதினார். எழுதலாமா என்று தயங்கினார். பலவீனத்தைக் காட்டிக்கொடுப்பதுபோல் இருக்கிறது என்றார். நான் அதை விட்டுவிட வேண்டாம் என்று வற்புறுத்தினேன். வாதம் எங்கே முறியக்கூடும் என்பதை முன்கூட்டியே சொல்லும்போதுதான், பிற துறை வாசகருக்கு இது கருத்துரையாக இல்லாமல் ஆய்வாகத் தெரியும்.

பாலினக் கோணத்தை, இடம்பெயர்வுக்கு ஒப்புதல் கேட்கப்படும்போது யாருடைய சொல் கணக்கில் எடுக்கப்படுகிறது என்ற கேள்வியோடு இணைத்தார். அது ஒப்புக்கு எழுதியதாக இருக்கவில்லை. ஒப்புதல் பற்றிய அவருடைய வாதத்தையே கூர்மையாக்கியது. வெளியீட்டு இலக்குகள் மூன்று கட்டுரைகளாகவும் ஒரு நூல் முன்மொழிவாகவும் குறைந்தன.

*வாசகர்களை மாற்றியது.* முதல் வரைவைப் படித்தவர்கள் அனைவரும் அரசியல் கோட்பாட்டாளர்கள். இரண்டாம் வரைவை ஒரு குடியேற்ற வரலாற்றாசிரியரும் ஒரு சமூகவியலாளரும் படித்தார்கள். அவர்கள் புரியவில்லை என்று குறித்த இடங்களில் ஆய்வாளர் விளக்கம் சேர்க்காமல் வாக்கியத்தையே மாற்றினார். அடுத்த ஆண்டு வேறு மதிப்பீட்டாளர்கள் படிக்கக்கூடும் என்பதால், பழைய அறிக்கையின் ஒவ்வொரு வரிக்கும் பதில் எழுதுவதைவிட, எந்த வாசகரும் கேட்கக்கூடிய கேள்விகளுக்கு விடை சொல்வதே போதும் என்று தீர்மானித்தோம்.

விளைவு

2023 அழைப்புக்கு 8,039 விண்ணப்பங்கள் வந்தன, 1,249 தேர்வாயின. 2024 பிப்ரவரியில் இவருடைய விண்ணப்பம் 90களின் நடுவில் மதிப்பெண் பெற்றுத் தேர்வானது. முறையியல் பகுதி இம்முறை வலிமைகளின் பட்டியலில் இருந்தது. தன் முடிவை மாற்றிக்கொள்ள வேண்டிவரும் சூழலை ஆய்வாளர் தாமே குறித்திருப்பதை அறிக்கை தனியே எடுத்துச் சொல்லியிருந்தது.

2024 இலையுதிர்காலத்தில் அவர் பணியில் சேர்ந்தார். ஊதியத்தில் ஒரு ஏமாற்றம் காத்திருந்தது. அவ்வழைப்பின் மாதாந்திர வாழ்க்கைப் படி 5,080 யூரோ என்று ஆவணம் சொல்கிறது. அது நாட்டுக்கேற்பத் திருத்தப்படும் தொகை. நிறுவனம் செலுத்த வேண்டிய சமூகப் பாதுகாப்புப் பங்கும் அதற்குள் அடக்கம். பிடித்தம் போகக் கைக்கு வருவது வெகுவாகக் குறைவு. பெல்ஜியத்தில் இந்த வேறுபாடு பெரிது. வீட்டு வாடகையைத் திட்டமிட்டபோது அவர் முழுத் தொகையை மனத்தில் வைத்திருந்தார்.

ஆய்வுப் பொருளும் நகர்ந்துவிட்டது. விண்ணப்பம் அனுப்பிய இரண்டு மாதங்களில், 2023 நவம்பரில், பசிபிக் தீவு நாடான துவாலுவும் ஆஸ்திரேலியாவும் ஃபலேபிலி ஒன்றிய உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. 2024 ஆகஸ்டில் அது நடைமுறைக்கு வந்தது. ஆண்டுக்கு 280 துவாலு மக்கள் ஆஸ்திரேலியாவில் குடியேற அது வழிசெய்கிறது. கடல்மட்ட உயர்வு எப்படியிருந்தாலும் துவாலுவின் அரசு நிலையும் இறையாண்மையும் தொடரும் என்றும் அது ஏற்கிறது. கோட்பாட்டில் கற்பனையாகப் பேசப்பட்ட ஒன்று உடன்படிக்கை வாசகமாக வந்துவிட்டதால், முதல் கட்டுரையின் திட்டத்தை மாற்ற வேண்டியிருந்தது. கேள்வியை மையமாக வைத்து எழுதிய திட்டம் என்பதால் இந்த மாற்றம் எளிதாக நடந்தது. நூலின் இயல்களாக எழுதியிருந்தால் நடந்திருக்காது.

மாற்றிச் செய்ய வேண்டியவை

ஆய்வேட்டை ஒப்படைக்கும் மாதத்திலேயே, எல்லாத் திட்டங்களின் கால வரம்புகளையும் ஒரு தாளில் எழுதிவைக்க வேண்டும். வாய்மொழித் தேர்வின் நாளும் அதில் ஓர் உறுப்பு: அகாடமியின் அறிவிப்பில் குறிக்கும் கணக்கு நாளுக்குச் சில வாரங்கள் முன்பாகத் தேர்வை முடித்தால் ஒரு முழுச் சுற்று கைநழுவிப் போகலாம். மாணவர்களும் தேர்வாளர்களும் இதை அறிந்து நாள் குறிப்பது யாருக்கும் தீங்கு செய்யாது. எங்கள் துறையில் இப்போது ஒப்படைப்புப் படிவத்தோடு இந்தத் தாளையும் கொடுக்கிறோம்.

துறையின் உள்தேர்வில் நிராகரிக்கப்படுபவர்களுக்கு எழுத்தில் சில வரிகளாவது காரணம் தர வேண்டும் என்று பரிந்துரைத்திருக்கிறேன். அறக்கட்டளைகள் தம் நடைமுறையை மாற்றும்வரை காத்திருக்கத் தேவையில்லை. உள்தேர்வு நம் கையில் இருப்பது. 2021இல் அப்படி நான்கு வரிகள் கிடைத்திருந்தால், முறையியல் குறித்த பேச்சை ஓராண்டுக்கும் மேல் முன்னதாகவே தொடங்கியிருக்கலாம்.

ஏற்கும் நிறுவனத்தின் நிர்வாகப் பிரிவிடம், கைக்கு வரும் ஊதியத்தின் மதிப்பீட்டை விண்ணப்பக் கட்டத்திலேயே கேட்டுப் பெற வேண்டும். பணி வாய்ப்பு ஏதேனும் அதே நாட்டிலிருந்து வந்தால், ஒப்புக்கொள்வதற்கு முன் 12 மாதக் கணக்கை இரண்டு அழைப்புகளுக்கு முன்னோக்கிப் போட்டுப் பார்க்க வேண்டும். அடுத்த செப்டம்பரை மட்டும் பார்த்தால் போதாது.

நல்கை 24 மாதங்களில் முடிகிறது. நிரந்தரப் பணிகளுக்கான விண்ணப்பங்களை அதன் இரண்டாம் ஆண்டின் தொடக்கத்திலேயே அனுப்ப வேண்டியிருக்கும் என்பதால், மூன்று கட்டுரைகளில் ஒன்றையாவது முதல் ஆண்டுக்குள் இதழுக்கு அனுப்பும்படி பணித் திட்டத்தை ஆய்வாளரும் அவருடைய நெறியாளர்களும் மறுவரிசைப்படுத்தினர்.